பக்க விரல்

மாவுக்கட்டின் மூடியைத் தூக்கும்போது பிஸ்கட் உடைவது போல ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவள் மூடியைக் கீழே வைக்கவில்லை. அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். பார்க்காத வரைக்கும் அது வெறும் சத்தம்தானே.

பிறகு பார்த்தாள். மணல் மூட்டையின் மேல் குதிரையின் கால் கிடந்தது. நடுவிரல் முழுதாக இருந்தது. உள்பக்கத்து விரலும் பென்சில் துண்டு போல அதன் இடத்தில் இருந்தது. வெளிப்பக்கத்து விரல்தான் இல்லை. அது மூடியின் உட்புறத்தில், வெள்ளை மாவைக் கவ்விக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது.

மண்ணிலிருந்து எலும்பை எடுக்கிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. முதலில் ஈரக் காகிதம், அப்புறம்தான் மாவு. எலும்பின் மேல் ஈரக் காகிதத்தை ஒட்டி, அதற்கு மேல் மாவில் தோய்த்த சாக்குத் துணியைச் சுற்ற வேண்டும். காகிதம் இல்லாவிட்டால் மாவு எலும்பைப் பிடித்துக்கொள்ளும், பிடித்தால் விடாது. அவள் அந்த ஒரு ஓரத்தில் மட்டும் காகிதம் ஒட்ட மறந்திருந்தாள். எப்போது மறந்தாள் என்பதும் தெரியும். குழிக்குள் குந்தி உட்கார்ந்து, கையில் ஈரக் காகிதத்தோடு இருந்தபோது அண்ணன் போன் செய்தான். அப்பா கால் சுண்டுவிரலில் கறுப்பாக ஏதோ இருக்கிறது, அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தேன், போகவில்லை என்றான். போனை வைத்தவள் நேராக மாவு வாளியை எடுத்தாள்.

ஆய்வுக்கூடத்தின் பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். விலங்குகளின் பல்லை மட்டுமே சுத்தம் செய்து சுத்தம் செய்து அவளுக்குப் பல்லக்கா என்றே பெயர் ஆகிவிட்டது. மூடியைப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள். திட்டவில்லை.

"அதுக்கு வலிக்காதுடி. செத்து எத்தனையோ லட்சம் வருஷம் ஆச்சு. உனக்குத்தான் உயிர் போற மாதிரி இருக்கு. ஊறவெச்சு மெதுவா எடுத்துக்கலாம், விடு."

விடலாம்தான். ஆனால் இந்தக் கால் இன்று அவளுக்கு முழுதாக வேண்டியிருந்தது. ஆராய்ச்சியை மேற்பார்க்கிற மேடத்துக்காக இல்லை, அப்பாவுக்காக.

அப்பா பஸ் ஓட்டினவர். சர்க்கரை வந்து பாதத்தில் உணர்ச்சி போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்ததா என்பதும் சந்தேகம். செருப்புக்குள் ஒரு சிறு கல் கிடந்திருக்கிறது. நாள் முழுக்க அதன் மேலேயே நடந்திருக்கிறார். சுண்டுவிரல் கறுத்து, அதற்கு அடுத்த விரலும் கறுத்து, இப்போது இரண்டையும் எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். இன்று சாயங்காலத்துக்குள் சேர்த்தால் இரண்டு விரலோடு போகும், தள்ளினால் பாதம், அதற்கும் தள்ளினால் முழங்கால், அதற்கு மேல் நான் பொறுப்பில்லை என்று அண்ணனிடம் சொல்லியிருந்தார். அப்பா சம்மதிக்கவில்லை. வந்தபடியே போகிறேன், என்னைக் கூறுபோட வேண்டாம் என்று ஒரே பிடியாக இருந்தார். கட்டு மாற்றக்கூட யாரையும் காலைத் தொட விடவில்லை. அண்ணன் கெஞ்சினான், கத்தினான், கடைசியில் அழுதான். உன் பேச்சைத்தான் கேட்பார், நீ சொல்லு என்று இவள் தலையில் கட்டினான். அவர் கேட்பதற்கு இவள் எப்போது பேசினாள்? வாயில் கொழுக்கட்டையா என்று பள்ளிக்கூடத்து டீச்சரிலிருந்து மாமா வரைக்கும் கேட்டாகிவிட்டது.

பேச வராதவளுக்குக் காட்டத்தான் தெரியும். மருத்துவமனைக்குப் போகிற வழியில் அப்பாவை இங்கே கூட்டிவா என்று காலையில் அண்ணனிடம் சொல்லியிருந்தாள். சும்மா டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பொய் சொல்லித்தான் அவன் அவரை வண்டியில் ஏற்றியிருந்தான்.

சக்கர நாற்காலி வாசல்படியில் இடித்து நின்றது. அப்பா அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். தட்டுகளில் எலும்பு, டப்பாக்களில் எலும்பு, பிரஷ்கள், பசை பாட்டில்கள். அண்ணன் துணிப்பையைத் தோளில் மாட்டியபடி வாசலிலேயே நின்றான். கண்ணைச் சுவர்க் கடிகாரத்தை விட்டு எடுக்கவில்லை.

"இதுக்குத்தான் அவ்வளவு படிச்சியா? கசாப்புக் கடை மாதிரி இருக்கு," என்றார் அப்பா.

"கறி இல்லாத கசாப்புக் கடைங்க," என்றாள் பல்லக்கா. அப்பா சிரிக்கவில்லை, ஆனாலும் முகம் கொஞ்சம் தளர்ந்தது. பல்லக்கா ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அவள் நாற்காலியை மேசையோடு ஒட்டித் தள்ளினாள். ராத்திரியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் இருந்தன. இது மூன்று விரல் குதிரை, இப்போது இருக்கிற குதிரைக்குத் தூரத்துச் சொந்தம் என்று ஆரம்பித்தாள். எடை முழுக்க நடுவிரலில்தான், பக்கத்து இரண்டும் தரையில் படாது, சும்மா தொங்கும் என்றாள். குரல் தனக்கே கேட்கவில்லை போலிருந்தது.

அப்பா குனிந்து பார்த்தார். பழுதான வண்டியின் அடியில் பார்க்கிற மாதிரி, தலையைச் சாய்த்து, அவசரப்படாமல். "எந்தக் காலு?"

"பின்னங்கால். இடது."

"என் கிளட்ச் காலு," என்றார். பிறகு, "மழை பேஞ்சா?"

"என்னப்பா?"

"தரை காஞ்சிருந்தா படாது, சரி. சேத்துல என்ன பண்ணும்? வழுக்குற எடத்துல சட்டுனு ஒடிச்சுத் திருப்பணும்னா?"

அவள் வேண்டுமென்றே விட்டுவிட்ட இடம் அது. சேற்றில் அந்தப் பக்க விரல்கள் ஊன்றியிருக்கலாம், வேகத்தில் திரும்பும்போது தாங்கியிருக்கலாம் என்றெல்லாம் படித்திருந்தாள். படித்ததில் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்து வந்திருந்தாள். சக்கரத்தோடு காலம் தள்ளினவர் முதல் கேள்வியிலேயே அங்கே வந்து நின்றுவிட்டார்.

"ஊனும்," என்றாள்.

"அப்ப சும்மா தொங்கல."

"இல்ல."

"இந்தப் பக்கத்து வெரல் எங்க? யாரு வெட்டுனா?"

"யாரும் வெட்டலப்பா. நான்தான்... கட்டு ஒழுங்கா போடல. பிரிக்கும்போது அதோட வந்துருச்சு."

அவர் மூடியையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் வாசலில் தொண்டையைச் செருமினான். கடிகாரத்தின் பக்கம் திரும்பாமலே அவளுக்கு நேரம் தெரிந்தது. வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி மேசையின் கால்வரைக்கும் வந்திருந்தது.

"இப்ப இந்தக் குதிரைங்கல்லாம் எங்க இருக்கு?"

"இல்லப்பா. ஒண்ணுகூட இல்ல." சொல்லி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "விரலை விட்டதுங்க பொழைச்சுது. இப்ப இருக்குற குதிரைக்கு ஒரே விரல்தான். விடாததுங்கதான் அழிஞ்சு போச்சு."

சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது. எந்தக் குதிரையும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு விரல் குதிரைகளிலும் எத்தனையோ வகை மண்ணோடு மண்ணாகப் போயிருக்கின்றன. மூன்று விரலோடு இதுகள் வாழ்ந்த காலம் கொஞ்சநஞ்சமில்லை. எலும்பு விஷயத்தில் இதுவரை அவள் பொய் சொன்னதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொண்டதுதான் அவளுடைய படிப்பு முழுவதும். இன்று அதையும் விற்றாயிற்று.

அப்பா அவளையே பார்த்தார். "பொய் சொன்னா உங்கம்மா மாதிரியே கீழ பாக்குற."

அவள் நிமிர்ந்தாள். மூக்கு எரிந்தது. யோசித்து வைத்த வாக்கியம் ஒன்றுகூட மிச்சமில்லை.

"அது ஏன் அழிஞ்சுதுன்னு எனக்குத் தெரியாதுப்பா. சரியா யாருக்குமே தெரியாது. எனக்கு வேற சொல்லத் தெரியல. நீங்க இருக்கணும். அவ்ளோதான்."

அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அப்பா கையை நீட்டி, நடுவிரல் எலும்பின் மேல் ஒரு விரலை வைத்தார். பிறகு பக்க விரல் இருந்த வெற்றிடத்தில் வைத்தார். அங்கே ஒரு சின்னப் பள்ளம் மட்டும் இருந்தது, நகம் நுழைகிற அளவு.

"அந்தக் கட்டுல மாட்டுனது வருமா?"

"ஊறவெச்சா வரும். அவசரப்பட்டா நொறுங்கிடும்."

"திரும்ப ஒட்டுமா?"

"இதுக்கு ஒட்டும்," என்றாள். அடுத்த சொல்லை அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அப்பா இரண்டு கையாலும் தன் இடது தொடையைப் பிடித்துத் தூக்கி, கட்டுப்போட்ட பாதத்தைப் பக்கத்து முக்காலியின் மேல் கிடந்த மணல் மூட்டையில் வைத்தார். யாரிடமோ கோபம் போல, சொத்தென்று. கட்டின் ஓரம் காய்ந்து, மஞ்சளும் பழுப்புமாக, தோலோடு ஒட்டிப் போயிருந்தது. நாற்றம் வந்தது. அண்ணன் ஓடிவந்து பையிலிருந்து உப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினான்.

அவள் கையுறையை மாற்றிக்கொண்டு தரையில் குந்தினாள். குழிக்குள் குந்துவது போலவே. துணியின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டாள். இழுக்கக் கூடாது, ஊற வேண்டும்.

"வலி..." என்று ஆரம்பித்துவிட்டாள்.

"வலிக்குதான்னு மட்டும் கேக்காத," என்றார் அப்பா. "வலிச்சிருந்தா இங்க ஏன் வரப்போறேன்."

"அப்பா, நேரமாவுது," என்றான் அண்ணன். "போலாமா?"

அப்பாவின் பார்வை மேசை மேல் கிடந்த குதிரைக் காலை விட்டு நகரவில்லை. ஈரம் துணிக்குள் இறங்கி, மெல்ல மெல்ல வட்டமாகப் பரவியது. மணல் மூட்டையின் மேலிருந்த பாதம் மெதுவாக அழுந்தியது. மணல் நறநறத்தது. கியர் மாற்றுவதற்கு முன்னால் கிளட்சை மிதித்துப் பிடிக்கிற மாதிரி, அழுத்தியது அழுத்தியபடியே இருந்தது.

அவள் பாட்டிலைச் சாய்த்தபடி காத்திருந்தாள்.