பாகற்காய்க்கு மட்டும் ஒன்பது தாள்

1

இருக்கன்குடி மாரியம்மன் அறிய, இனி வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய்யென்றால், போன ஆடியில் எனக்குப் புதிதாக முளைத்த கடைவாய்ப் பல் விழுந்துவிடட்டும்.

கதை பிறந்தது கோபத்தில். சிவகாசியில் ஓர் அச்சகம். அவர்கள் அடிக்கும் தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்துக்கு உடல்நலக் குறிப்பு எழுதித் தருவது என் வேலை. பாகற்காய்க்கு ஒன்பது தாள் எழுதினேன், போட்டார்கள். வெறும் வெந்நீருக்கு நான்கு, அதையும் போட்டார்கள். பிறகு இப்படி ஒன்று எழுதினேன்: "கணவனும் மனைவியும் வயதான பின்னும் உடலால் நெருங்கி வாழ்ந்தால் நல்ல தூக்கம் வரும், மன இறுக்கம் குறையும், இதயத்துக்கும் நல்லது."

அச்சக முதலாளி பிரபாகரன் உடனே போன் போட்டார்.

"என்ன பெரியவரே, இப்படி எழுதியிருக்கீக? சாமி படத்துக்குக் கீழ தொங்குற காலண்டரு."

"அந்தப் படத்துல முருகன் ரெண்டு பேரோட நிக்காரேப்பா."

"வெளையாடாதீக. வீட்ல வயசுப் பிள்ளைக தாளைக் கிழிப்பாக. பாகற்காயே இன்னொண்ணு குடுங்க."

முன்பக்கத்தில் முகூர்த்த நாள் போடலாமாம். முகூர்த்தத்துக்குப் பிறகு நடப்பதைப் பின்பக்கத்தில் போடக் கூடாதாம். குறிப்பாக வராதென்றால் கதையாக வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "தீபாவளி லோடு ஏறி முடிந்து, சிவகாசி கொஞ்சம் மூச்சு விட்ட ஒரு…"

(வேண்டாம். எப்போது வெடிக்கும் என்று வாசகர் காத்திருப்பார். இதில் எதுவும் வெடிக்காது.)

இரண்டாவது: "பங்கு பிரித்த பிறகுதான் கருப்பணனுக்கு இரத்தக் கொதிப்பு வந்தது." இது நிற்கும்.

கருப்பணன் சாத்தூர்ப் பக்கத்து மிளகாய் விவசாயி. (முதலில் அவரைப் பள்ளி ஆசிரியராக எழுதினேன். வாய் திறந்தாலே அறிவுரையாக வந்தது. மாற்றிவிட்டேன்.) மகன்கள் இருவர். பெரியவன் ஜெயபாண்டிக்கு விருதுநகரில் பருப்பு வியாபாரம். சின்னவன் விக்னேஷ்குமாருக்குச் சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் கம்பெனி. மிளகாய்க் காட்டைப் பிரித்தார்கள். ஊர் வீட்டை விற்றார்கள். கிணற்றையும் மோட்டார் அறையையும் மட்டும் பிரிக்க முடியாது என்பதால் "பொது" என்று பத்திரத்தில் எழுதினார்கள். கடைசியில் பெற்றோரைப் பிரித்தார்கள். அய்யா பெரியவனுக்கு, அம்மா வீரலட்சுமி சின்னவனுக்கு. எங்கள் பக்கத்தில் இது யாரும் முகம் சுளிக்காத ஏற்பாடு. நியாயமான பிள்ளைகள் என்றுகூடச் சொன்னார்கள்.

அடுத்த மழைக்குள் அவருக்குத் தலைசுற்றல். அவளுக்குத் தூக்கம் போனது.

3

டாக்டர் கற்பகவல்லி, கருப்பணன் கையில் கொதிப்புப் பார்க்கும் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். ஜெயபாண்டி பக்கத்தில் நின்றான்.

"அம்மா எங்கய்யா?"

"சிவகாசில. சின்னவன் பங்கு," என்றார் கருப்பணன்.

டாக்டர் பேனாவை மூடினார். "மாத்திரையை விடாதீக. உப்பைக் குறைங்க, நடங்க. அதோட ரெண்டு பேரும் ஒண்ணா இருங்க. ஒண்ணான்னா, புருசன் பொண்டாட்டியா. இந்த வயசுலயும் அது உடம்புக்கு நல்லதுதான்."

கருப்பணன் மகனைப் பார்த்தார். மகன் மின்விசிறியைப் பார்த்தான்.

"டாக்டர், அய்யாவுக்கு மாத்திரை மட்டும் எழுதுங்க," என்றான்.

(இங்கே நான் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உப்பைக் குறை என்றால் மூத்த மருமகள் அருணாதேவி அன்றைக்கே குழம்பில் குறைத்துவிடுகிறாள். நட என்றால் செருப்பு வாங்கித் தருகிறார்கள். அதே வாய் சொன்ன அடுத்த மருந்துக்கு மட்டும் காது கேட்காது. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்குள் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று பார்க்க அதிகாரி வருகிறார். சின்னவன் வீட்டுக் கூடத்தில் வீரலட்சுமியோடு ஏழு பேர் படுக்கிறார்கள், பார்க்க நாதியில்லை. சரி, கதைக்கு வருகிறேன்.)

4

கருப்பணன் போனில் இரண்டே வார்த்தை சொன்னார்: "நேர்த்திக்கடன் இருக்கு."

வீரலட்சுமிக்குப் புரிந்தது. சாமி காரியத்தை எந்த மகனும் மறுக்க மாட்டான். வெள்ளிக்கிழமை தோறும் அவர் விருதுநகரிலிருந்தும் அவள் சிவகாசியிலிருந்தும் பஸ் ஏறி, சாத்தூரில் சந்தித்து, இருக்கன்குடிக்குப் போய் அம்மனைக் கும்பிடுவார்கள். திரும்பும் வழியில் சாத்தூர் லாட்ஜ் ஒன்றில் சாயங்காலம் வரை ஓர் அறை. உள்தாழ்ப்பாள் உள்ள அறை. முதல் வெள்ளி கதவைச் சாத்தியதும் இருவரும் வெகுநேரம் சிரித்துக்கொண்டே இருந்தார்களாம். மற்றதை எழுத மாட்டேன். எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

கொதிப்பு இறங்கியது. டாக்டர் நம்பாமல் பட்டையைத் தன் கையில் சுற்றிப் பார்த்தார். அவருக்குத்தான் அதிகமாக இருந்தது. செய்தி பெரிசுகளுக்குள் மட்டும் பரவி, பங்கு பிரிக்கப்பட்ட கிழவன் கிழவிகள் எல்லாருக்கும் திடீரென நேர்த்திக்கடன் முளைத்தது. சாத்தூரில் பஸ் போதாமல் வெள்ளிக்கு மட்டும் இரண்டு கூடுதலாக விட்டார்கள். (பல் இன்னும் இருக்கிறது. தடவிப் பார்த்தேன்.)

5

லாட்ஜுக்குப் புது மேனேஜர் வந்தான். பெயர் இசக்கிப்பாண்டி. இருவருடைய ஆதாரையும் அருகருகே வைத்துப் பார்த்தான்.

"புருசன் பொண்டாட்டிங்கீக. அட்ரஸ் வேற வேறயால்ல இருக்கு?"

"அட்ரஸைப் பிரிச்சது எம் பிள்ளைக, தம்பி. வேணும்னா நம்பர் தாரேன், கேட்டுக்கோ," என்றாள் வீரலட்சுமி.

படுபாவி, கேட்டேவிட்டான்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு மகன்களும் இரண்டு பைக்கில் வந்து இறங்கினார்கள். ஜெயபாண்டி வாசலிலேயே ஆரம்பித்தான்.

"சாமி பேரைச் சொல்லிட்டு லாட்ஜா? ஊரு என்ன பேசும்? வெக்கமா இல்லையாம்மா?"

"ஏலே, ஒங்க ரெண்டு பேரையும் என்ன கோயில் உண்டியல்ல இருந்தா எடுத்தோம்?"

இசக்கிப்பாண்டி சாவிகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டான்.

"மெதுவாப் பேசும்மா," என்றான் சின்னவன்.

"எதுக்குலே மெதுவா? கெணத்தை ஏன் பிரிக்கல? சொல்லு."

"பிரிச்சா ரெண்டு பேருக்கும் ஒதவாதுன்னு…"

"அம்புட்டு வெவரம் கெணத்துக்கு இருந்துச்சு. பெத்தவுகளுக்கு இல்லையாக்கும்? எங்களையும் பொதுன்னு எழுதுங்க. மோட்டார் ரூம் பொதுவாத்தான் கெடக்கு. அங்கன இருந்துக்கிடுதோம்."

கருப்பணன் சொன்னார்: "உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் மட்டும் போட்டுக் குடுங்கப்பா."

6

இனி முடிவு.

"ஜெயபாண்டி விம்மி அழுது, தாயின் காலில்…" (அழமாட்டான். அவனை எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும்.)

"மோட்டார் அறைக்கு வெள்ளையடித்தார்கள். அடுத்த வெள்ளியிலிருந்து அவர்கள்…" (எழுத ஆசைதான். கை நகர மறுக்கிறது.)

"மகன்கள் ஆளுக்கொருவரைப் பின்னால் உட்காரவைத்து, ஒருவன் வடக்கேயும் ஒருவன் மேற்கேயும்…" (இதை எழுத என் கையே ஓடுகிறது. அதனால்தான் நிறுத்தினேன்.)

முடிவை உங்களிடமே விடுகிறேன். உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருவர் இருந்தால், இன்று எந்தக் கதவுக்கு எந்தப் பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதென்று பார்த்துவிட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பிரபாகரன் போட மாட்டார். சுவரில் நீங்களே ஒட்டலாம்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்று காலை விருதுநகரில் என் பெரியவன் வீட்டு மாடியில், உள்தாழ்ப்பாள் உள்ள அறையிலிருந்து சிவகாசிக்குப் போன் செய்து இந்தக் கதையைப் படித்துக் காட்டினேன். நான் இங்கே வீரலட்சுமி என்று பெயர் மாற்றி எழுதியவள், இன்று வெள்ளிக்கிழமையா என்று கேட்டுவிட்டு, தான் இதுவரை சாத்தூர் லாட்ஜ் எதையும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்றாள்.