எந்தக் கரைப் பிள்ளை?

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. தொங்கு பாலத்தில், ஆட்களையும் கார்களையும் சுமந்துபோகும் கூண்டில் ஏறி ஆற்றைக் கடக்கும்போது, அதே கூண்டில் பிறந்த ஒரு பிள்ளையைப் பற்றி இருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்ட சுவாரஸ்யத்தில் இறங்க மறந்து, ஏறின கரைக்கே திரும்பி வந்துவிட்டேன்.

முதல் வரி இப்படி வந்தது: 'இரும்புக் கோபுரங்களின்மேல் அந்தி வெயில் மெல்ல…'

வேண்டாம். அங்கே ஒருத்திக்கு வலி எடுத்துவிட்டது, எனக்கு அந்தி வெயில் கேட்கிறது!

2

கராசி ஆற்றின் ஒரு கரையிலுள்ள போர்த்துகலேதே ஊர்க்காரி. வாழ்க்கைப்பட்டது எதிர்க்கரை அரேயெட்டாவில். போர்த்துகலேதேயில் பிறந்தவர்களைக் கூஜாக்காரர்கள் என்பார்கள். (கூஜா தூக்கிகள் அல்ல. அங்கே போய் அப்படிச் சொன்னால் அடிதான் விழும்.) தன் பிள்ளையும் கூஜாக்காரர் மண்ணில்தான் பிறக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"இங்கயே பெத்துக்கோயேன்டி, என்ன குடி முழுகிடும்?" என்றாள் மாமியார் மிராரி.

"முடியாது அத்தை. உங்க கரையில பொறந்தா, பொறக்கும்போதே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும்."

கம்பிகளில் தொங்கியபடி ஆற்றின்மேல் நகரும் அந்தக் கூண்டைத் 'தொட்டில்' என்று எழுதி, அடித்துவிட்டேன். பிரசவக் கதையில் அது ரொம்பவே அதிகம்.

3

வலி எடுத்ததும் கராசியும் மிராரியும் போர்த்துகலேதே போகக் கூண்டில் ஏறினார்கள். கூண்டு கிளம்பியது. பிள்ளையும் கிளம்பிவிட்டது.

"கோல்தோ, சீக்கிரம் ஓட்டு!" கூண்டு ஓட்டுகிறவனைப் பார்த்துக் கத்தினாள் கராசி.

"இது என்ன கழுதையா, அடிச்சு ஓட்ட? இதுக்கு ஒரே வேகந்தான். நீ கொஞ்சம் அடக்கிக்கோ!"

"நீ வந்து அடக்குடா, பார்ப்போம்!"

மிராரி ரத்தம் கண்டால் மயங்கி விழுகிறவள். மருமகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பயணிகளில் ஒரு நர்ஸ் இருந்தாள். (தெரியும், கதைக்கு வசதியான நர்ஸ். நடு ஆற்றில் நீங்கள் பெற்றுப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.)

வீல் என்று ஒரு குரல். பெண் குழந்தை.

4

"எந்தப் பக்கத்துல பொறந்தா?" கராசி மூச்சு வாங்கக் கேட்டாள்.

நடு ஆற்றுக்கு முன்னாலா, பின்னாலா? நர்ஸ் கவனிக்கவில்லை. ஓட்டுகிற கோல்தோவே திரும்பி நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தான். வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள் ஒரே ஒருத்திதான். எல்லோரும் மிராரியைப் பார்த்தார்கள்.

முதல் பிரதியில் அவள் 'எங்க கரைதான்' என்றாள். இரண்டாவதில் மயங்கி விழுந்தாள். இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

மிராரி இரண்டு கரைகளையும் ஒரு தரம் பார்த்தாள். பேத்தியைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியே தலையை நீட்டி, போர்த்துகலேதே முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"கூஜாக்காரி பொறந்துட்டா!"

கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கூண்டில் இருந்த கார்களெல்லாம் ஹாரன் அடித்தன. கராசி மாமியாரின் கையை விடாமல் அழுதாள், சிரித்தாள்.

மிராரி கண்டதைச் சொன்னாளா, மருமகளுக்கு விட்டுக்கொடுத்தாளா? அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கைதட்டலை மட்டும் அடித்துவிடாதீர்கள்.