அடுப்பருகே இரண்டு வாளிகள்

1

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று விடியுமுன், அடுப்பின் சாம்பல் கதவைத் திறப்பதற்காக நான் இரண்டு வாளிகளை நகர்த்தினேன். சாம்பலை அள்ளிய பிறகு திரும்ப வைத்தேன். அவ்வளவுதான்.

"நான்" என்று எழுதிவிட்டேன். அதை அடித்துவிட்டு "ஓயுன்" என்று போட்டுக்கொள்கிறேன். ஓயுன் இரண்டு வாளிகளை நகர்த்தினாள். இப்படி எழுதினால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

மணி ஒன்பதே கால். தம்தினின் வேன் கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகிறது.

2

முதல் தொடக்கம்: அன்று காலை வானம் வெளிறி

(வேண்டாம். வானத்தை யாரும் பார்க்கவில்லை. மைனஸ் நாற்பதில் எல்லோரும் அடுப்பைத்தான் பார்ப்பார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: பழைய வண்டிக்கு எந்த ஆயில் நல்லது? வண்டிக்கு வயதாக ஆக, என்ஜினுக்குள் தேய்ந்த இடமெல்லாம் இடைவெளியாகிவிடும். அந்த இடைவெளியில் தங்கி நிற்கக் கெட்டியான ஆயில் வேண்டும். மெல்லிய ஆயில் நிற்காமல் ஓடிவிடும். அப்புறம் இரும்பும் இரும்பும் உரசும். ஆனால் கெட்டியான ஆயில் எங்கள் ஊர்க் குளிரில் மெழுகாகிவிடுவதால் காலையில் என்ஜின் அசையாது. ஓட்டுவதற்கு ஒன்று, கிளப்புவதற்கு வேறொன்று என்று இரண்டு ஆயில் ஊற்றவும் வழியில்லை.

எங்கள் டிரைவர்கள் இதற்கு ஒன்று செய்கிறார்கள். மாலையில் என்ஜின் சூடு ஆறுமுன் ஆயிலை வாளியில் இறக்கி, கூடாரத்துக்குள் கொண்டுவந்து அடுப்பருகே வைக்கிறார்கள். காலையில் வெதுவெதுப்பாக அதைத் திரும்ப ஊற்றுகிறார்கள். எங்கள் கூடாரச் சாப்பாட்டுக்கடையில் தங்குகிற வண்டிக்காரர்களுக்குக் கட்டில் ஒன்று என்றால் அவர்களுடைய வாளிக்கும் ஓர் இடம் உண்டு.

இந்தத் தொடக்கம் பரவாயில்லை. கட்டுரை மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

3

நேற்று பொழுது சாயும்போது இரண்டு வண்டிகள் வந்தன.

ஒன்று தம்தினின் பழைய ரஷ்ய வேன். தம்தினுக்கு அறுபத்திரண்டு வயது. கூட அவர் மகள் நர்மா. அவளுக்கு நிறைமாதம், இன்னும் பத்து நாளோ என்னவோ. கணவாய்க்கு அந்தப் பக்கம் உள்ள மாகாண ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சேர்த்துவிடப் போகிறார். இன்னொன்று சோக்தின் ஜப்பான் ஜீப். சோக்துக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். அவன் எதிர்ப்பக்கமாக வீட்டுக்குத் திரும்புகிறான்.

தம்தின் வாளியோடு உள்ளே நுழைந்ததும் சோக்த் ஆரம்பித்துவிட்டான்.

"என்ன பெரியப்பா, வண்டிக்கு ஆயில் ஊத்துறீங்களா, கஞ்சி ஊத்துறீங்களா?"

"இருபது-அம்பதுடா, கெட்டி ஆயில். உங்கம்மாவக் கல்யாணத்துக்கு ஏத்திட்டுப் போன வண்டி இது. இந்த வயசுல அதுக்குக் கஞ்சிதான் இறங்கும்."

"என்னுது அஞ்சு-முப்பது. தண்ணி மாதிரி. இறக்கவும் வேணாம், ஏத்தவும் வேணாம். மைனஸ் முப்பத்தஞ்சு வரைக்கும் தாங்கும்னு டப்பாலயே போட்டிருக்கான்."

"டப்பாவ எழுதினவன் இங்க வந்து ஒரு ராத்திரி படுத்திருக்கானா?"

"நீங்களும் ஊத்திப் பாருங்களேன்."

"ஊத்தினேனே, போன வருசம்! மெல்லிசு நல்லதுன்னு எவனோ சொன்னான். கணவாய்ல பாதி ஏத்தம்கூட ஏறல, உள்ள டக்டக்னு தட்ட ஆரம்பிச்சிருச்சு. திரும்பி இறங்கி, அடிவாரத்துக் கடைல கெட்டி ஆயில் வாங்கி மாத்தினேன். இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போயிருந்தா என்ஜின் அங்கயே சமாதி."

"பிரஷர் முள்ளு காட்டலையா?"

"முள்ளு செத்து ரெண்டு வருசமாச்சு. என் காதுதான் மீட்டர்."

நர்மா பூஸ் என்கிற கறிக்கொழுக்கட்டையைக் கடித்து, உள்ளே இருந்த சாற்றை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்: "அந்த மீட்டரும் ரிப்பேர்தான். மூணு தடவ கூப்பிட்டாத்தான் திரும்பறாரு."

கடைக்காரி புரேவ் அத்தை ரேடியோவைத் திருகினாள். "சும்மா இருங்கப்பா, குளிர் சொல்றான்... மைனஸ் நாப்பத்தொண்ணுன்றான் இன்னிக்கு ராத்திரி."

சோக்த் தேநீரைக் குடித்து முடித்தான். குல்லாவை எடுத்து மாட்டினான். வெளியே போனான். கொஞ்ச நேரம் கழித்து அவனும் ஒரு வாளியோடு வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் தம்தினின் வாளிக்குப் பக்கத்தில் அதை வைத்தான்.

"வா மாப்ள," என்றார் தம்தின். "தண்ணிக்கும் குளிருதா?"

நர்மா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, போதும், இங்கயே பெத்துருவேன்."

(இந்த இடத்தில் ஓயுனும் சிரித்தாள் என்று எழுதியிருந்தேன். எழுதியது சரிதான், சிரித்தேன். சத்தம் வராமல்.)

4

இரண்டுமே பெயின்ட் வந்த வாளிகள், ஒரே அளவு. இரண்டிலும் ஆயில் கறுப்பு. அடுப்பருகே சூடேறிவிட்டால் கெட்டியும் மெல்லிசும் ஒரே மாதிரி தளும்பும். தம்தினுடையது இடப்பக்கம், சோக்துடையது வலப்பக்கம். அடையாளம் அது ஒன்றுதான்.

ஓயுன் எந்த வாளியை எந்தக் கையால் தூக்கினாள் என்று எனக்கு நினைவில்லை. தூக்கக் கலக்கம். ஆசிரியருக்கே தெரியாத ஒரு விஷயத்தைக் கதையில் வைக்கலாமா என்று யோசித்தேன். அப்படியே விட்டிருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும். மாறியதோ, மாறவில்லையோ என்று உங்களையும் குழப்பிவிட்டு நான் மாவு பிசையப் போயிருக்கலாம்.

ஆனால் ஒன்பது மணிக்குச் சாம்பல் கொட்ட வெளியே போனேன்.

கூடார வாசலிலிருந்து பனியில் இரண்டு வரிசையாகக் கறுப்புப் பொட்டுகள். வாளியைத் தூக்கிப் போனபோது சிந்தியவை. ஒரு வரிசை வேன் நின்ற இடத்துக்கும் இன்னொன்று ஜீப் நின்ற இடத்துக்கும் போயிருந்தது. ஜீப் பக்கத்துப் பொட்டு ஒன்றை நகத்தால் நெம்பினேன். சட்டைப் பொத்தான் மாதிரி முழுசாகப் பெயர்ந்து வந்தது. வேன் பக்கத்துப் பொட்டைத் தொட்டேன். விரலில் ஈஷிக்கொண்டது.

இந்தக் குளிரிலும் ஈஷுகிற ஆயில் தம்தினின் கெட்டி இருபது-ஐம்பது இல்லை.

5

ஓயுன் என்கிற பாத்திரத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட எவளும் ஓடிப்போய் அத்தையிடம் சொல்லுவாள். இவள் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யார் நம்புவார்கள்?

அதனால் அவளை அத்தையிடம் அனுப்பினேன்.

"அத்தை... அந்த வாளி..."

"எந்த வாளி?"

"இல்ல... வேன் கிளம்பிடுச்சில்ல?"

"கிளம்பித்தான் ஒரு மணி நேரம் ஆச்சே. ஒரே சுத்துல பிடிச்சிச்சு. ஏண்டி, எதையாவது விட்டுட்டுப் போயிட்டாங்களா?"

"இல்ல."

பார்த்தீர்களா? எழுதுகிறவள் நானாக இருந்தும் அவளை இதற்கு மேல் பேசவைக்க முடியவில்லை. எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோதும் இதுதான் நடந்தது. அதற்கடுத்த வாரத்திலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அது வேறு கதை, வேறு நோட்டில் இருக்கிறது. மாவு மூட்டைக்குப் பின்னால், பச்சை அட்டை.

ஆனால் வெளியே வரும்போது தம்தினின் எண் இருக்கிற அத்தையின் போனை எடுத்து மேலங்கிக்குள் போட்டுக்கொண்டாள். இதை நான் திட்டமிடவில்லை. அவளாகவே செய்தாள்.

6

மணி பத்தே முக்கால். இப்போது குன்றின் மேல் இருக்கிறேன். கீழே சிக்னல் கிடைக்காது, இங்கே இரண்டு கோடு காட்டுகிறது. பேனா உறைந்துவிட்டது, இது பென்சில். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்தின் பதினொன்றரை வாக்கில் அடிவாரத்துக் கடைக்குப் போய்ச் சேருவார். தேநீர் குடிப்பார். அங்கே போன் எடுக்கும், கெட்டி ஆயிலும் கிடைக்கும். அதைத் தாண்டிக் கணவாயில் ஏறிவிட்டால் அந்தப் பக்கம் இறங்குகிறவரை போனும் கிடையாது, ஆளும் கிடையாது.

சோக்தைப் பற்றிக் கவலையில்லை. அந்தக் கெட்டி ஆயிலோடு நாளைக் காலை அவன் வீட்டில் ஜீப் கிளம்பாது. அவன் என்னைத் திட்டுவான், அவ்வளவுதான்.

முடிவுகள்:

அ. வேன் கணவாயில் தட்டுகிறது. தம்தின் சீக்கிரமே கேட்டுத் திரும்பிவிடுகிறார். (அந்தக் காதை நம்பி எழுத வேண்டும். நர்மா சொன்னதையும் எழுதியிருக்கிறேனே.)

ஆ. தம்தினுக்குக் கேட்கவில்லை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே என்ஜின் நின்றுவிடுகிறது. நர்மா இரண்டு போர்வைகளுக்குள்

(இதை முடிக்க மாட்டேன்.)

இ. ஒன்றும் ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை தம்தின் திரும்பி வந்து, பேரன் பிறந்தான் என்று எல்லோருக்கும் மிட்டாய் கொடுக்கிறார். ஓயுன் வாங்கிக்கொள்கிறாள். (எனக்குப் பிடித்த முடிவு இதுதான். அதனாலேயே இதன்மேல் சந்தேகமாக இருக்கிறது.)

ஈ. ஓயுன் போன் செய்கிறாள்.

முதல் மூன்று முடிவுகளிலும் ஓயுன் வாயைத் திறக்க வேண்டியதில்லை. கவனித்திருப்பீர்கள்.

7

நான்காவதற்கு ஒரே ஒரு வசனம்தான் தேவை. பதினொரு விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். வணக்கத்தோடு ஒன்று. மன்னிப்போடு ஒன்று. அத்தை சொல்லச் சொன்னதாக ஒன்று. எல்லாவற்றையும் அடித்த பிறகு மிஞ்சியது:

"பெரியப்பா, வாளி மாறிப்போச்சு. மாத்தினது நான்தான். ஆயில மாத்தாம ஏறாதீங்க."

மணி பதினொன்று இருபத்தாறு. வாசித்துப் பார்த்தேன், வாய்க்குள். சத்தமாக வாசிக்க வேண்டும்.

தம்தின் என் குரலைக் கேட்டதே இல்லை. யார் பேசுவது என்று கேட்பார். அதற்கு எந்தப் பெயரைச் சொல்வது என்று பார்த்தால், ஓயுன் என்று சொல்ல முடியாது. அது இந்த நோட்டுக்குள் மட்டும்தான். என் பெயர்

போன் ஒரு கையில், பென்சில் இன்னொரு கையில். குளிரில் ஒரு சமயத்தில் ஒரு கையுறையைத்தான் கழற்ற முடியும். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்வரை நான் எழுதிக்கொண்டே இருப்பேன். முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து நோட்டை மூடுங்கள், போனை அழுத்த எனக்கு இந்தக் கை வேண்டும்.