குஜராத்துக்குப் போக வேண்டிய கம்பளிகள்

மூன்றாவது மூட்டையைப் பிரித்ததும் பவுலினா கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். உள்ளே சுருட்டி வைத்திருந்தவை ஆண்களின் உள்ளாடைகள். துவைக்காதவை. அவற்றுக்கடியில் எண்ணெய்ப் பிசுக்கேறிய தலையணை உறைகள், ஜிப் போன பேன்ட், ஒற்றைக் கால் ஷூ.

குஜராத்தில் பூமி அதிர்ந்து ஊர் ஊராகச் சரிந்தது வெள்ளிக்கிழமை, குடியரசு தினத்தன்று. அதிலிருந்து டிவியில் அதே காட்சிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில், ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய அந்தக் காலனியின் நலச் சங்கம் தன் ஹாலைத் திறந்து துணியும் மருந்தும் சேர்க்க ஆரம்பித்தது. தொழிற்சாலை ஒன்றின் முதலுதவி அறையில் நர்ஸாக இருந்த பவுலினாவிடம் தரம் பிரிக்கும் வேலையைக் கொடுத்தார்கள். துணைக்கு எதிர்வீட்டு நாகம்மாள் வந்திருந்தாள்.

"இதெயெல்லாம் குடுக்க எப்பிடி சிஸ்டர் மனசு வந்துச்சு? நாங்க அடுப்புத் தொடைக்கக்கூட வெச்சுக்க மாட்டோம்" என்று நாகம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

சங்கச் செயலாளர் அசோக்குமார் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். ஒரு கம்பெனியில் பர்சனல் மேனேஜர் அவர்.

"எதுக்கு சிஸ்டர் பிரிச்சுட்டிருக்கீங்க? அப்படியே அடுக்குங்க. சாயங்காலம் பேப்பர்காரங்க வர்றாங்க. உசரமா இருந்தாத்தான் போட்டோவுல எடுப்பா இருக்கும்."

"சார், இது அழுக்கு ஜட்டி. பிள்ளையப் பறிகொடுத்துட்டு நடுத்தெருவுல நிக்கிறவிய இதையா எடுத்து உடுத்துவாவ?" கோபம் வந்தால் பவுலினாவின் பேச்சில் திருநெல்வேலி எட்டிப் பார்க்கும்.

"இல்லாதவங்களுக்கு எதுவும் உதவும் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மதியத்துக்கு மேல் ஜூஜுவாடியிலிருந்து லாரிக்காரர் வெங்கடப்பன் வந்தார். அங்கே ஹைவே ஓரத்துக் கடைக்காரர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு வாங்கிய புதுக் கம்பளிகள் நான்கு பேல் கட்டு, கொஞ்சம் தார்ப்பாய். அவரே தூக்கி வந்து ஹாலில் இறக்கினார்.

"நாளான்னிக்கு சாயங்காலம் லாரியோட வர்றேனம்மா. பெங்களூர் ஸ்டேஷன்ல ரயிலுக்கு ஏத்தறாங்களாம். மொத்தமாக் கொண்டுபோய் விட்டுர்லாம்."

பவுலினா கம்பளியைத் தொட்டுப் பார்த்தாள். நல்ல கனம்.

மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பாத்திர ஸ்டாண்டில் டம்ளர்கள் கிலுகிலுத்தன. கட்டிலை யாரோ பிடித்து இழுத்தது போலிருந்தது. சில விநாடிகள்தான். அதற்குள் காலனியே கத்திக்கொண்டு படியிறங்கியது. பவுலினா கேஸை மூடிவிட்டுக் கீழே வந்தாள்.

ஒரு சுவர் விழவில்லை, ஒரு கண்ணாடி உடையவில்லை. ஆனாலும் மைதானத்தில் ஜனங்கள் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். அசோக்குமார் கலர் டிவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். அதை மாருதியின் பின்சீட்டில் மனைவிக்கும் மகளுக்கும் நடுவில் வைத்து, காரை மைதானத்தின் நட்டநடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். கார் வருகிறதென்று குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஓரத்துக்கு ஓடினார்கள்.

"பெங்களூர்லயும் ஆடுச்சாம். நாலு மணிக்கு இதைவிடப் பெரிசா வருதாம்."

"யாரு சொன்னா?"

"டிவில சொன்னாங்களாம்."

உள்ளே போய் டிவியைப் போட்டுப் பார்க்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

"நேரம் குறிச்சுட்டெல்லாம் அது வராது" என்றாள் பவுலினா. "யாரு வீட்டுல அடுப்பு எரியுது? முதல்ல போயி கேஸை மூடுங்க."

ஒருவரும் அசையவில்லை. அவளும் நாகம்மாளும்தான் திறந்து கிடந்த வீடுகளுக்குள் போய், எரிந்துகொண்டிருந்த அடுப்புகளை அணைத்தார்கள். ஒரு வீட்டில் பால் பொங்கித் தீய்ந்து, புகை கூரை வரை ஏறியிருந்தது. பிறகு அவள் வேலைக்குப் போனாள். அங்கேயும் படியில் முட்டிமோதி இறங்கிக் கால் பிசகிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் திரும்பி வந்தபோது நாலு மணி தாண்டிப் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பூமி ஆடவில்லை. மைதானம் தேர்த் திருவிழா மாதிரி இருந்தது. ஸ்டவ் வைத்து பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் சீட்டாட்டம். அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தது வெங்கடப்பன் கொண்டுவந்த புதுக் கம்பளிகளின் மேல். ஹால் கதவு திறந்து கிடந்தது. இரண்டு பேல்களை அறுத்திருந்தார்கள்.

"யாரைக் கேட்டு எடுத்திய?"

"குளிருதுங்க சிஸ்டர்" என்றார் சீட்டாடிக்கொண்டிருந்த ஒருவர். "செயலாளரே எடுத்துக்கச் சொன்னாரு. நாளைக்குக் குடுத்துர்றோம்."

குழந்தைகளுக்குப் போர்த்தியிருந்ததை அவள் ஒன்றும் சொல்லவில்லை. தை மாத ஓசூர்க் குளிர் அவளுக்கும் தெரியும். ஆனால் அசோக்குமாரின் காருக்கு மேல் பனி படாமலிருக்க ஒரு கம்பளி விரித்திருந்தது. அதைப் பார்த்ததும் நேராக அவரிடம் போனாள். காருக்குள் மனைவி, மகள், டிவி மட்டும். கேட்க வந்தது ஒன்று, வாயில் வந்தது வேறொன்று.

"சார், உங்க அப்பா எங்க?"

காருக்குள்ளிருந்த மனைவி புருஷனைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார். அப்பா ராமப்பன் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருப்பவர். வீடு முதல் மாடியில்.

"மேல இருக்காரு. அவசரத்துல அவரை எப்படித் தூக்கறது?"

"அவசரம் காலையில முடிஞ்சுபோச்சே சார்."

"திரும்ப வரும்னு சொல்றாங்களே…"

பவுலினா படியேறினாள். கதவு வெளியே பூட்டியிருந்தது. கீழே வந்து கையை நீட்டினாள். அசோக்குமார் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். "எல்லாரும் வெளிய இருக்கோம், திருடன் கிருடன் வந்துட்டா? அதான்…" என்றார்.

நாகம்மாளும் கூட வந்தாள். கதவைத் திறக்க முடியவில்லை. ஏதோ தடுத்தது. மெதுவாகத் தள்ளி இடுக்கு வழியே நுழைந்தார்கள். கிழவர் கட்டிலிலிருந்து விழுந்து, ஒரு பக்கத்தை இழுத்துக்கொண்டே ஊர்ந்து கதவு வரை வந்து கிடந்தார். வேட்டி முழுக்க மூத்திரம், மலம். தரையில் உரசி இடுப்பில் தோல் வழன்றிருந்தது. அதில் எறும்பு மொய்த்தது. வாய் கோணி, நாக்கு வறண்டு போயிருந்தது.

"தண்ணி" என்றார்.

தண்ணீர் கொடுத்தார்கள். கழுவிவிட்டார்கள். மலத்தை அள்ளும்போது பவுலினாவுக்குக் குமட்டவில்லை. ஜன்னல் வழியே கீழேயிருந்து பஜ்ஜி வாசனை வந்தது. அப்போதுதான் அவளுக்குக் குமட்டியது.

மறுநாள் கம்பளிகளைத் திருப்பிக் கேட்டு இரண்டு பேரும் வீடு வீடாக ஏறினார்கள். "எங்ககிட்ட இல்லீங்களே." "பக்கத்து வீட்ல கேளுங்க." ஒரு வீட்டில், அவளுக்குத் தெரியாமலிருக்க, கம்பளியைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினார்கள். திரும்பி வந்தவற்றைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அவற்றிலும் எண்ணெய்க் கறை.

சாயங்காலம் ஹாலில் அவசரக் கூட்டம். அசோக்குமார் மைக் பிடித்தார்.

"குஜராத்துக்கு உலகமே குடுக்குது. நமக்கு ஒண்ணுன்னா யாரு வருவா? நாமதான் தயாரா இருக்கணும். மீதிக் கம்பளி, தார்ப்பாய், மருந்து எல்லாத்தையும் முன்னெச்சரிக்கையா இங்கயே வெச்சுக்கலாம்னு சங்கம் முடிவு பண்ணியிருக்கு."

கைதட்டினார்கள். பவுலினா எழுந்தாள்.

"முன்னெச்சரிக்கைக்கு முதலுதவி சொல்லித் தாரேன், வாங்கன்னு போன வருஷம் கூப்பிட்டேன். ஒருத்தர் வரலை. நேத்து அடுப்பை அணைக்க ஆளில்லை. பெத்த அப்பனை உள்ள வெச்சுப் பூட்டிட்டு டிவியத் தூக்கிட்டு வந்தவரு இங்க மைக்குல பேசுதாரு. இதுக்குக் கைதட்டுதிய."

அசோக்குமாரின் முகம் கறுத்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "குடும்ப விஷயத்தையெல்லாம் இங்க எதுக்குங்க பேசணும்?" என்றார். பலர் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

அந்த நேரத்தில் வாசலில் லாரி வந்து நின்றது. நாகம்மாள் ஓடிப்போய் விஷயத்தைச் சொல்ல, வெங்கடப்பன் செருப்போடு உள்ளே வந்தார்.

"குஜராத்துக்குன்னு கேட்டேன், குடுத்தாங்க. உங்களுக்குன்னு கேட்டிருந்தா ஒருத்தன் குடுத்திருக்க மாட்டான்" என்றார். யாரிடமும் அனுமதி கேட்காமல் பேலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பவுலினா மருந்துப் பெட்டிகளையும் நாகம்மாள் தார்ப்பாயையும் எடுத்தார்கள். தடுக்க ஒருவரும் வரவில்லை. உதவவும் வரவில்லை.

"துணி மூட்டைங்கம்மா?" என்று வெங்கடப்பன் கேட்டார்.

"அது கிடக்கட்டும். குடுத்தவியளுக்கே ஒரு ஆபத்துன்னா உதவும்."

லாரி அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தது. பாதிக்கும் கொஞ்சம் கூடுதலான கம்பளிகளை ரயிலுக்கு ஒப்படைத்தார்கள். மீதி காலனியிலேயே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு சங்கத்தில் அவளை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. ஆனால் அடுத்த வாரமே அசோக்குமாரின் மனைவி வந்து நின்றாள். மாமனாரின் புண்ணில் சீழ் வைத்துவிட்டதாம்.

பவுலினா தினமும் வேலை முடிந்து போய் மருந்து வைத்துக் கட்டினாள். அவர்கள் வைக்கும் காப்பியைத் தொடாமல் திரும்பினாள். அசோக்குமார் அவள் வரும் நேரத்தில் வெளியே போய்விடுவார்.

ஒருநாள் கிழவர் அவள் கையைப் பிடித்தார்.

"மறுபடி ஆடுமாம்மா?"

"தெரியலைய்யா."

"ஆடுனா?"

அவள் கட்டுத்துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"நான் வேலைக்குப் போயிருந்தா வர முடியாது. வீட்டுல இருந்தா வாரேன்" என்றாள்.