வெறும் டப்பா

1

இந்தக் கதை ஒரு வம்புப் பேச்சில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென்கொரியாவின் ஜொன்ஜு நகரில், எங்கள் அடுக்ககத்து லிஃப்டில், பக்கத்து வீட்டு ஓக்புன் அக்கா கொதித்துக்கொண்டிருந்தார்.

“மூணாவது மாடி மான்ஷிக் அண்ணன் என் கிம்ச்சி டப்பாவைக் கழுவித் திருப்பிக் குடுத்துட்டாரு தம்பி. வெறும் டப்பா! உள்ள ஒரு மிளகாகூட இல்ல! எல்லார் வீட்டு டப்பாவையும் இப்படித்தான் திருப்பிட்டாராம். என்ன திமிரு!”

கிம்ச்சி ஊறுகாய் வந்த டப்பாவில் பதிலுக்கு ஏதாவது போட்டுத்தான் திருப்புவோம்; எங்களிடையே வெறும் டப்பா என்பது முகத்தில் அறைந்தாற்போலக் கதவைச் சாத்துவது. லிஃப்டே தலையாட்டியது.

2

முதல் தொடக்கம்: “இலையுதிர் காலத்து மாலையொன்றில், உதிரும் இலையென மான்ஷிக்…”

(அடித்துவிட்டேன். மான்ஷிக் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். தொப்பை உண்டு. எந்தக் கோணத்திலும் இலை அல்ல.)

இரண்டாவது தொடக்கம்: தற்கொலையைத் தடுக்க நகராட்சி நடத்திய ‘உயிர்க் காவலர்’ பயிற்சிக்கு நானும் ஓக்புன் அக்காவும் போயிருந்தோம். துணை இயக்குநர் மனித மாண்பைப் பற்றிப் பேசினார். முன்வரிசை மாண்போடு தூங்கியது. பிறகு ஒரு நர்ஸ் மைக்கை வாங்கினார்.

“கலகலன்னு இருந்தவரு ஒதுங்கினா, ‘நான் எல்லாருக்கும் பாரம்’னு சொன்னா, ஆசையா வச்சிருந்ததைக் குடுத்துத் தீர்த்தா, சும்மா விடாதீங்க. நேராக் கேளுங்க. கேட்டா அந்த நினைப்பு வந்துடும்னு பயப்படாதீங்க, வராது.”

ஓக்புன் அக்கா என் கையைக் கிள்ளினார். “தூண்டிலைக்கூட வாட்ச்மேனுக்குக் குடுத்துட்டாரு தம்பி. திமிரு இல்ல அது. எந்திரி!”

3

இங்கே என் கதாபாத்திரம் என் சொல்பேச்சைக் கேட்கவில்லை. அக்காவுக்காக “உங்கள் உள்ளத்தின் இருளில்…” என்று ஒரு வசனம் வைத்திருந்தேன். அவர் அதைச் சீந்தவில்லை. மான்ஷிக் கதவைத் திறந்ததும், என்னைப் பின்னால் தள்ளிவிட்டு,

“அண்ணே, செத்துப்போகணும்னு நினைக்கிறீங்களா?”

மான்ஷிக் வாசலில் கிடந்த தன் செருப்பைக் காலால் நேராக்கினார். “…ம். யாருக்கும் நான் வேண்டியதில்லையேம்மா.”

“எனக்கு வேணும். வாரம் பூரா உங்களத்தான் திட்டிக்கிட்டிருந்தேன், வேற வேலையே பாக்கல. தள்ளுங்க, உள்ள வரேன். ஆலோசனை மையத்துக்கு இப்பவே ஃபோன் போடுவோம். நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்.”

“சட்டை மாத்திக்கிறேனே.”

“ஃபோன்ல யாருண்ணே சட்டையப் பாக்கறா?”

அவர் சிரித்துவிட்டார். (சிரித்ததும் குணமாகிவிட்டார் என்று எழுதக் கை துறுதுறுத்தது. எழுதவில்லை. சிகிச்சை நடக்கிறது.)

4

முடிவு அ: துணை இயக்குநர் தனக்கே ஒரு கேடயம் வழங்கிக்கொள்கிறார்.

முடிவு ஆ: மான்ஷிக் சூரிய உதயத்தைக் கண்டு கண்ணீர் வடிக்கிறார்.

அனுமதி கேட்டு மான்ஷிக்கிடமே காட்டினேன்.

“சூரிய உதயமா? வேலைக்காலம் பூரா முதல் பஸ் ஓட்டினவன்யா நான். அதைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு.” பேனாவைப் பிடுங்கி இரண்டையும் அடித்தார். “எனக்கு முடிவு எழுத அவசரப்படாத தம்பி. அந்த அவசரம் எனக்கே இருந்துச்சு. நாளைக்கு டாக்டரப் பாக்கணும். அப்புறம் ஓக்புன் இழுத்துட்டுப் போற எடமெல்லாம் போகணும்.”

ஆகவே வாசகரே, முடிவு இல்லை. ஆள் இருக்கிறார்.