சக்கில் நின்ற சாவி

இரும்பைக் கடையும் லேத் ஓடும்போது கையுறை போடக் கூடாது. முழுக்கைச் சட்டையை மடித்துவிட வேண்டும். சுருண்டு வரும் பிசிறைக் கொக்கியால்தான் இழுக்க வேண்டும், விரலால் அல்ல. இதெல்லாம் என் மச்சானுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கிடக்கும் லேத்தை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் வாங்கினோம். பெண்டாட்டி செத்த பிறகு அவன் காலையில் வந்தால் இருட்டும்வரை அதன் முன்னால்தான் நிற்பான். வேறு போக்கிடம் இல்லை.

எனக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. சூடாக இருக்கும் இரும்பை அளந்து சொல்கிறவனை அறவே நம்ப மாட்டேன். ஆறினால் அது சுருங்கிவிடும். ஆனால் மச்சானின் கையை நம்பினேன்.

அன்றைக்குத் தன் அக்காவின் தையல் மெஷினுக்குப் பித்தளையில் ஒரு புஷ், தண்டு நுழைந்து சுழலும் சின்ன வளையம், கடைந்துகொண்டிருந்தான். அந்த அக்கா, அதாவது என் வீட்டுக்காரி, டீயோடு வாசலில் வந்து நின்றாள்.

“தையல் மிஷினுக்குத்தானடா கேட்டேன்? நீ படுற பாட்டப் பாத்தா கப்பலுக்குச் செய்யற மாதிரி இருக்கு.”

“உன் மிஷின் போடுற சத்தத்துக்கு அது கப்பல்தான்க்கா.”

சிரித்துக்கொண்டே பித்தளைத் துண்டை லேத்தின் சுழலும் பிடியான சக்கில் வைத்துச் சாவியால் இறுக்கினான். சுவிட்சைத் தட்டினான். இறுக்கிய சாவி சக்கிலேயே நின்றது. சக் சுழன்ற வேகத்தில் அது பறந்துபோய் அவள் தலைக்குப் பக்கத்தில் தகரத்தைக் கிழித்தது. டீயைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிவிட்டாள்.

லேத்தை நிறுத்தினேன். “சாவி சக்குல இருக்கறப்ப கைய எடுக்கலாமாடா?”

“மறந்துட்டேன் மாமா.”

மறக்கிற ஆள் இல்லை அவன். சாவியைப் பொறுக்கி, வாய் பேசாமல் அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவன் வாங்கவில்லை. நான் நீட்டியதே தெரியாமல் நின்றான்.

“எவ்வளவு நாளா கண்ணு தெரியல?”

“ஓரமெல்லாம் தெரியுது. நடுவுலதான் புகை மாதிரி.”

“அப்புறம் எப்படிக் கடையற?”

“விரல வச்சுப் பாத்துக்குவேன்.”

“ஓடறப்பவா?”

கையைப் பின்னால் மறைத்தான். அவன் கையைத் திருப்பினேன். விரல் நுனியெல்லாம் கீறல்.

“அக்காகிட்ட சொல்லிடாதீங்க. லேத்தத் தூக்கிப் போடச் சொல்லுவா.”

சொல்லவில்லை. மோட்டார் பெல்ட்டைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இனிமேல் தொடாதே என்றேன்.

“அப்ப காலைல எந்திரிச்சு நான் எங்க போறது?”

“வீட்ல கெட.”

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாள் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது கொட்டகையில் மெல்லச் சுரண்டும் சத்தம். இடது கையால் சக்கைச் சுற்றிக்கொண்டு, வலது கையில் உப்புத்தாளைச் சுருட்டி, புஷ்ஷின் உள்ளே தேய்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்கதானே? செருப்ப இழுத்து நடக்கறது கேக்குது,” என்றான் திரும்பாமல். “பெல்ட் இல்ல மாமா. கையாலதான் சுத்தறேன். இதுல யாருக்கு என்ன ஆயிடும்?”

கிட்டே போய்ப் பார்த்தேன். ஓட்டை ஒரு பக்கமாகத் தேய்ந்து கோணியிருந்தது. மெஷினுக்கு ஆகாது.

“சரியா வந்திருக்கா?”

“வந்திருக்கு.”

“சும்மா சொல்லலையே?”

“நான் என்னைக்குடா சும்மா சொல்லியிருக்கேன்?”

தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் சுற்றினான். சாவி சக்கில் இல்லை. அவன் சட்டைப் பையில், மேலே பொத்தான் போட்டு, பத்திரமாக இருந்தது.