கையுறைக்குள் இருந்த பந்து

கெல்லர்ட்டன் ஊர்க்காரர்களுக்கு வெண்டல் ஹாஸ்கினைக் கண்டாலே ஆகாது. இரண்டு வருஷத்துக்கு முன் அவர்கள் பேஸ்பால் அணிக்கு ஆடியபோது, இறுதி ஆட்டத்தில் சுலபமான பந்தைக் கால்களுக்கு நடுவே விட்டுக் கோப்பையைக் கோட்டை விட்டவன் அவன். பதினோரு வருஷத்தில் ஒன்பது அணி. பெரிய லீகில் ஆடியது மொத்தம் பதினாறு நாள். இன்று எதிரணிச் சட்டையில் ஓடுகிறவர்கள் தொட்டு நிற்கும் இரண்டாம் பேஸைக் காக்க வந்து நின்றான்.

"டேய் ஓட்டைக் கையா! இன்னிக்காவது வாளி கொண்டாந்தியாடா?" என்று முதல் வரிசையில் ஒரு தடியன், வாயில் ஹாட் டாக் ரொட்டியோடு ஆரம்பித்தான். கூட்டம் பிடித்துக்கொண்டது.

கூட்டத்தை ஹாஸ்கின் சகித்துக்கொள்வான். லைல் டோபினைத்தான் முடியவில்லை. அன்று தோற்ற ஆட்டத்தில் பந்து எறிந்தவன் லைல். அவனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவென்றே பெரிய லீகிலிருந்து வந்த ஆள், பாதியில் எழுந்து போய்விட்டார். இப்போது மறுபடியும் இருவரும் ஒரே அணி. "அவன் என் பின்னால நின்னாலே முதுகு அரிக்குது" என்று லைல் மேனேஜரிடம் சொன்னது ஹாஸ்கின் காதில் விழுந்திருந்தது.

கடைசி இன்னிங்ஸ். ஹாஸ்கின் அணி ஒரு ரன் முன்னிலை. ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு அவுட் வேண்டும். கெல்லர்ட்டன்காரன் ஓங்கி அடித்துவிட்டு இரண்டாம் பேஸ்வரை ஓடி வந்துவிட்டான். எல்லையிலிருந்து திரும்பி வந்த பந்து ஹாஸ்கின் கைக்கு வந்தது. ஊரே எழுந்து கூத்தாடியது.

ஹாஸ்கின் லைலிடம் நடந்துபோய், பந்தைக் கொடுப்பதுபோல் கையை நீட்டினான். கொடுக்கவில்லை.

"பந்து என் கையுறைக்குள்ள இருக்கு. மேட்டுல ஏறிடாத."

எறிகிறவன் கையில் பந்து இல்லாமல் எறியும் மேட்டில் ஏறி நிற்பது குற்றம். ஓடி வந்தவன் சும்மாவே மூன்றாம் பேஸுக்குப் போய்விடுவான்.

லைல் பல்லைக் கடித்தான். "உன்னை நம்பி ஒருதடவை நாசமாப் போனது பத்தாதா?"

"ஏறணும்னா ஏறிக்க. பழி என் மேலதான் விழும். உனக்கு அதானே வேணும்?"

ஹாஸ்கின் திரும்பிப் பார்க்காமல் தன் இடத்துக்கு வந்தான். லைல் மேட்டின் ஓரத்தில் நின்று, மனசே இல்லாதவன்போல் குனிந்து, ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினான்.

பந்து லைலிடம் இருப்பதாக நினைத்து, ஓடி வந்தவன் கால்சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டே பேஸை விட்டு இரண்டடி நகர்ந்தான். பேஸை விட்டு விலகியவனைப் பந்தால் தொட்டாலே போதும்; ஹாஸ்கின் பந்தோடு அவன் விலாவில் ஒரு குத்து வைத்தான்.

"அவுட்!"

பியர் கோப்பைகள் மழையாக வந்து விழுந்தன. "திருட்டு நாயே!" என்று தடியன் கம்பியைப் பிடித்து உலுக்கினான்.

உடை மாற்றும் அறைக்குப் போகும் வழியில் லைல் ஹாஸ்கினைத் தோளால் இடித்துக்கொண்டு முந்தினான். "இதனால அன்னிக்குச் செஞ்சது சரியாயிடாது."

"ஆயிடும்னு நான் சொன்னேனா?"

"சொல்லிப் பாரு, பல்லு இருக்காது."

மூன்று வாரம் கழித்து ஹாஸ்கினை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவன் பையோடு வெளியேறியபோது லைல் தலை நிமிரவில்லை. அடுத்த திங்கட்கிழமை பத்தாவது அணியின் சட்டை ஹாஸ்கினுக்குத் தோளில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.